ஆரும் என்னும்

எம் என்றுதான் படித்தேன்.
ஆரும் என்னும்
தோளோடு தோள் ஒட்டி நின்றிருந்தன.

ஈப்போ ஹொக் மெங் பேரிங்ஸிலிருந்து
மாதாமாதம் வரும் மின்னஞ்சல்தான்.
அதே சிவப்பு முத்திரை,
"தேவையின்றி அச்சிடாதீர், மரம் காப்போம்" என்று
அடியில் அதே பச்சை வரி.
தணிக்கை நடக்கிறதாம்,
பழைய கணக்கில் பணம் போடவேண்டாமாம்,
புது எண் கீழே.

அதற்கும் கீழே:
லோகேஸ், மகன் கையில் கட்டுப் பிரித்தாயிற்றா?

தைப்பூசத்துக்கு முந்தின வியாழன்.
பிறை தொழிற்பேட்டையில் தார் உருகுகிற வெயில்.
கிடங்கில் பம்பு சீல்களை எண்ணிய அஸ்லானும்
எதிர்மேசை புஷ்பாவும்
ஐந்து வாரமாக என்னைப் பார்க்கிறார்கள்.
ஒருவரும் கேட்கவில்லை.
எப்படிக் கேட்பார்கள், நான் சொன்னால்தானே.
பூப்பந்தாட்டத்தில் பையன் முழங்கை ஒடிந்ததை
இங்கே சொன்னால்
விடுப்புக்கு அடிபோடுகிறாள் என்பார்கள்.

யீ லெங்குக்கு மட்டும் எழுதியிருந்தேன்,
பணம் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டு,
ஜனவரியில், ஒரே ஒரு வரி.
அந்த வரியை
எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து
சத்தமில்லாமல் ஒருவன் படித்திருக்கிறான்.
படித்ததோடு விட்டானா,
நினைவும் வைத்திருக்கிறான்.

எண்பத்து நாலாயிரத்து அறுநூறு வெள்ளி.
முதலாளி சிங்காரவேலு
உடைக்கப்போகும் இருநூறு தேங்காய்க்கு
விலை பேசிக்கொண்டே
கைப்பேசியில் ஒப்புதல் தட்டினார்.
நான் பதிலும் போட்டேன்:
திங்கட்கிழமை பிரிக்கிறார்கள்.
கேட்டதற்கு நன்றி.

பதினோரு நிமிடம்.
பணம் ஐந்து கணக்குகளாகப் பிரிந்து போனதாக
வங்கியில் சொன்னார்கள்.
அதில் ஒன்று
தன் அட்டையை முந்நூறு வெள்ளிக்கு வாடகை விட்ட
சுங்கைப் பட்டாணி மாணவனுடையது.
அவனுக்குப் பத்தொன்பது வயது.
புது சப்பாத்து வாங்கினானாம்.

பாலாயில் சார்ஜன் கேட்டார்,
யார் மேலாவது சந்தேகமா?

திரையைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி,
அந்த இரண்டெழுத்துக்கும் நடுவே
மயிரிழை வெளிச்சம் தெரியும்வரை பெரிதாக்கிக்
காட்டினேன்.
ஆர்.
என்.
வீட்டில் தமிழில் சொல்லிப் பார்த்தேன்,
ஆர் என்றால் யார்,
என் என்றால் என்னுடையது.
வேறென்ன சந்தேகம் எனக்கு.

முதலாளி திட்டவில்லை.
அதுதான் தாங்கவில்லை.
ரகசியச் சொல்லைப் பதினாறு எழுத்தாக்கினார்கள்,
எழுபது வெள்ளிப் பாக்கிக்கும்
போனில் கூப்பிட்டுச் சரிபார் என்றார்கள்.

அப்படித்தான்
ஒன்பது வருடக் கடிதத்துக்குப் பிறகு
யீ லெங்கின் குரலை முதன்முதலாகக் கேட்டேன்.
கரகரப்பு. புகைப்பாள்போல.
கணக்கெண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள்,
நான் திருப்பிச் சொன்னேன்,
பூஜ்யம் வந்த இடத்தில் இருவரும் நின்று
பூஜ்யம்தானே என்று கேட்டுக்கொண்டோம்.
சரி என்றாள். சரி என்றேன்.
வேறு பேச்சில்லை.
வைத்துவிட்டாள்.

நாளைக்கு வேறொருத்தி வீட்டுச் செய்தியை
அவன் ஞாபகமாய் விசாரிப்பான்.
மாமியாரின் சர்க்கரை, பூனையின் பிரசவம்,
எது கிடைக்கிறதோ அது.

பையனுக்குக் கட்டுப் பிரித்தார்கள்,
சொன்ன திங்கட்கிழமையே.
உள்ளே இருந்த கை
மற்றதைவிட மெலிந்து, வெளுத்து,
யாருடையதோ போலிருந்தது.
மடக்கிப் பார், நீட்டிப் பார் என்றார் டாக்டர்.
மடக்கினான். நீட்டினான்.

அன்றைக்கு அது தெரிந்தவர்கள்
உலகத்தில் நான்குபேர்:
டாக்டர், அவன், நான்,
அப்புறம்
அந்தப் பதிலைத் திறந்து படித்தவன்.